சுத்தக் கை, மைக் கை

எங்கள் கலைக் கல்லூரியின் அச்சுப் பட்டறையில் இரண்டே கட்சிதான். ஒன்று மைக் கை, இன்னொன்று சுத்தக் கை. மைக் கைக்காரர் மையைத் தொடுவார், ரோலரைத் தொடுவார், செதுக்கிய பலகையைத் தொடுவார். தாளை மட்டும் தொடக் கூடாது. சுத்தக் கைக்காரர் தாளைத் தொடுவார், மெஷின் சக்கரத்தைச் சுற்றுவார். மை இருக்கும் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. மைக் கைக்காரருக்கு மூக்கு அரித்தால் சுத்தக் கைக்காரரிடம் சொல்லிச் சொறியச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தாள் தரையில் விழுந்தாலும் மைக் கை நீளக் கூடாது. இந்தக் கடைசி விதியை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். நான் மீறியது இதைத்தான்.

அந்த வருடம் மைக் கை நான். சுத்தக் கை என் அண்ணி.

இறுதி ஆண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் முதலாண்டு மாணவர் ஒருவர் துணைக்கு நிற்பது எங்கள் பட்டறை வழக்கம். யாருக்கு யார் என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். பதினான்கு சீட்டில் பதின்மூன்று பேரில் யார் வந்தாலும் பரவாயில்லை என்று வேண்டிக்கொண்டு எடுத்தேன். அண்ணிதான் வந்தார். வீட்டில் அண்ணி, பஸ்ஸில் அண்ணி, இனி பட்டறையிலும் அண்ணி. நாத்தனாரும் அண்ணியும் ஒரே மெஷினுக்கு முன்னால் நின்றால் என்ன நடக்கும் என்று பார்க்க எல்லோருக்கும் ஒரே ஆவல்.

அண்ணி இங்கே வந்து சேர்ந்ததே என்னால்தான், அதுவும் என் தோல்வியால். முந்தைய வருடம் என் இறுதிப் புத்தகத்தைத் தேர்வுக் குழு நிராகரித்தது. சொந்தமாகச் செதுக்கி அச்சடித்துக் கட்டிய புத்தகம், பத்துப் பிரதி. பத்தும் ஒன்று போல இருக்க வேண்டும் என்பதுதான் இந்தப் படிப்பின் தலையாய விதி. எங்கள் அச்சு ஆசிரியர் கழுத்தில் எப்போதும் பூதக்கண்ணாடி தொங்கும், அதனால் அவருக்கு அதுவே பெயர். பூதக்கண்ணாடி என் பத்துப் பிரதிகளையும் வரிசையாக வைத்தார். ஒன்றில் கறுப்பு அடர்த்தி, ஒன்றில் சாம்பல் மாதிரி வெளுப்பு, ஒன்றில் படம் ஒரு நூல் இடப்பக்கம் நகர்ந்திருந்தது.

"பத்து அண்ணன் தம்பிங்கள கூட்டிட்டு வந்திருக்கேம்மா. எனக்கு வேண்டியது இரட்டைப் பிள்ளைங்க" என்றார்.

இரண்டாவது முறை ஒரு வாய்ப்பு உண்டு. அதிலும் தோற்றால் பட்டம் கிடையாது, நான்கு வருடமும் தண்ணீரில் எழுதிய எழுத்து. அன்று என்னைத் தேற்ற வீட்டிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். அப்பா காண்டீனைத் தேடிப் போனார். அண்ணன் யாரைத் திட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி மட்டும் கண்காட்சி மேஜையிலிருந்த ஒரு புத்தகத்தைத் திருப்பி, அதன் முதுகுத் தையலைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு தைச்சது? ரொம்ப நல்ல தையல். நூலை இழுத்த இழுப்பு எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கு" என்றார்.

அண்ணி பதினோரு வருடம் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தவர். சின்னவன் பிறந்த பிறகு வேலையை விட்டார். அவர் பார்த்திருந்த தையலெல்லாம் மனிதர்கள் மேல் போட்டது. போகும்போது அலுவலகத்தில் விண்ணப்பப் படிவம் ஒன்று வாங்கிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரிக்கு என்றுதான் நினைத்தேன். ஜூலையில் என்னோடு பஸ் ஏறினார், முப்பத்தெட்டு வயதில், புத்தகக் கட்டுமானம் முதலாண்டு.

எனக்கு அப்போது அது பிடிக்கவே இல்லை. உள்ளதைச் சொல்வதில் என்ன வெட்கம். மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள் நான், வீட்டில் என் பெயரே 'பட்டாசு'. எனக்கென்று இருந்த ஒரே இடம் அந்தப் பட்டறை. அதிலும் வந்து இவர் நாற்காலி போட்டுவிட்டாரே என்று இருந்தது.

இந்த முறை என் புத்தகம் எங்கள் வீட்டு மொட்டை மாடித் துணிக்கொடி. மாடியில்தான் என் அறை. ஜன்னலில் உட்கார்ந்தால் கொடி முழுக்கத் தெரியும். அப்பாவின் ஓட்டை பனியன், அண்ணனின் கோடு போட்ட சட்டைகள், பெரியவளின் பள்ளிச் சீருடை, சின்னவனின் ஒற்றைக் காலுறைகள், மை கறை போகாத என் பேண்ட், நடுவில் பெரிய போர்வை. நாலடி நீளத் தாளில் ஒரே படம். அதை விசிறி மாதிரி எட்டாக மடித்தால் புத்தகம். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அறுபடாமல் ஒரே கொடி ஓடும். கடைசிப் பக்கத்தில் துணியெல்லாம் எடுத்த பிறகு மிஞ்சும் வெறும் கொடியும் மஞ்சள் வானமும்தான். அந்த வெறுமையை நினைத்து எனக்கு ஏகப்பட்ட பெருமை.

நான்கு நிறம். நான்குக்கும் ஒரே லினோ பலகை, ரப்பர் மாதிரிக் கத்திக்கு இளகிக் கொடுக்கும் தகடு. இதில்தான் வம்பே இருக்கிறது. முதலில் மஞ்சளை எல்லாத் தாளிலும் அடிக்க வேண்டும். பிறகு எங்கெல்லாம் மஞ்சள் மஞ்சளாகவே நிற்க வேண்டுமோ அந்த இடத்தைப் பலகையில் செதுக்கி எடுத்துவிட்டு, அதே தாள்களின் மேல் ஆரஞ்சை அடிக்க வேண்டும். மறுபடி செதுக்கி நீலம், மறுபடி செதுக்கிக் கறுப்பு. ஒவ்வொரு நிறத்துக்கும் பலகை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே போகும். கடைசியில் ஒரு தாள் கெட்டால் புதிதாக ஒன்று அடிக்க முடியாது, ஏனென்றால் மஞ்சள் அடித்த பலகை இப்போது உலகத்திலேயே இல்லை. முதல் நாள் எத்தனை தாளோடு ஆரம்பித்தோமோ அது குறையுமே தவிர கூடாது. கரணம் தப்பினால் மரணம்.

காகித அறையில் ஆளுக்குப் பதினாறு நீளத் தாள் கொடுத்தார்கள். பத்து புத்தகத்துக்கு, மீதி கெட்டுப்போக.

முதல் நாள் விதிகளைச் சொல்லிக் கொடுக்க நான் வாயைத் திறந்தேன். சுத்தக் கை என்றால் என்ன, ஏன் சட்டையைக்கூடத் தொடக் கூடாது என்று ஒரு சின்னச் சொற்பொழிவு தயாராக வைத்திருந்தேன்.

"தெரியும்" என்றார் அண்ணி. "தியேட்டர்ல கை கழுவிட்டு வந்து தெரியாம மூக்கைத் தொட்டுட்டா மறுபடி போய் முழங்கை வரைக்கும் கழுவணும். ஒரு தடவை பெரிய டாக்டரையே கழுவ அனுப்பியிருக்கேன்."

பிறகு தாள்களை எண்ணினார். வாய்விட்டு எண்ணினார். "பதினாறு" என்று சொல்லிவிட்டுச் சுவரிலிருந்த சிலேட்டில் எழுதினார். வேலை முடிந்ததும் மறுபடி எண்ணி எழுதினார். தியேட்டரில் பஞ்சும் கத்திரியும் உள்ளே போகும்போது எத்தனை, வெளியே வரும்போது எத்தனை என்று எண்ணுவார்களாம். ஒன்று குறைந்தால் வயிற்றைத் தைக்க விட மாட்டார்களாம்.

"இங்க யாரு வயித்துலயும் தாளை வெச்சுத் தைக்கப் போறதில்ல அண்ணி" என்றேன்.

"பழக்கம்" என்றார், எண்ணிக்கொண்டே.

எனக்குக் கடுப்பாக இருந்தது. ஆனால் என்னதான் கடுப்பு இருந்தாலும் கண் பார்ப்பதைப் பார்க்காமல் இருக்குமா? தாளைத் தூக்க இரண்டு சின்ன அட்டைத் துண்டுகளை மடித்து விரல் நுனியில் பிடிப்போம். நாங்கள் எல்லோரும் அதை இடுக்கி மாதிரிப் பிடித்துக்கொண்டு திண்டாடுவோம். அண்ணி பிடித்தால் அட்டை இருப்பதே தெரியாது. நாலடித் தாள் அவர் கையில் தூங்குகிற குழந்தை மாதிரி அடங்கிக் கிடக்கும். ஒரு முனையை மூலையில் பொருத்தி, மறு முனையை மெதுவாக, மூச்சுக்கூட விடாமல் இறக்குவார். எடுக்கும்போதும் அப்படித்தான். முனை கொஞ்சம் சுருண்டு தொங்கினால் அவசரப்பட மாட்டார். அசையாமல் நிற்பார். அது தானாக அடங்கும் வரை காத்திருந்து பிறகுதான் நகர்த்துவார். நான்கு வருடம் படித்த எனக்கு அந்தக் காத்திருத்தல் வரவில்லை. இவருக்கு முதல் வாரத்திலேயே வந்துவிட்டது.

ஒவ்வொரு நிறத்திலும் முதல் தாளைப் பூதக்கண்ணாடி வந்து பார்ப்பார். திருப்தி என்றால் ஓரத்தில் பென்சிலால் 'இதுபோல் அடிக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதற்குப் பெயர் சம்மதத் தாள். அதைச் சுவரில் மாட்டிவிட்டு, மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு அடிக்க வேண்டும். அது பத்தில் சேராது. எல்லாம் முடிந்ததும் சம்மதத் தாள் துணைக்கு நின்றவருக்குப் போகும். யார் எந்தக் காலத்தில் ஆரம்பித்து வைத்தார்களோ, பட்டறையில் அதை யாரும் மீறியதில்லை. செதுக்கினவள் கேட்டாலும் கிடையாது, ஆசிரியர் கேட்டாலும் கிடையாது.

இதைக் கேட்ட அன்று பஸ்ஸில் அண்ணி வழக்கத்தைவிட அதிகம் பேசினார்.

"அப்ப அது எனக்கேவா? வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா?"

"ஆமா அண்ணி."

"சட்டம் போட்டு மாட்டலாம், இல்ல?"

மறுநாள் காலை பிள்ளைகள் படிக்கிற மேஜைக்கு மேலே அண்ணன் ஸ்டூல் போட்டு ஏறி ஆணி அடித்துக்கொண்டிருந்தான். "படம் வர்றதுக்கு முன்னாடியே ஆணியா?" என்று அப்பா கேட்டார். "உங்க மருமக அளந்து புள்ளி வெச்சுட்டா, நான் என்ன பண்ண" என்றான் அவன். வாங்கிய பொருளல்ல, வேலை செய்து சம்பாதித்த படம் ஒன்று அந்த வீட்டுச் சுவரில் அதுவரை இருந்ததில்லை.

மஞ்சளில் ஒரு தாள் போனது. ஆரஞ்சில் இரண்டு. மூன்றும் என் தவறுதான், ரோலரில் மை சரியாகப் பரவவில்லை. நீலம் அடிக்கிற அன்று நான் மையை உருட்டிக்கொண்டிருந்தபோது அண்ணி தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நேத்து இது வேற சத்தம் போட்டுச்சே."

"மைக்கு என்ன சத்தம்?"

"நேத்து சர்ர்னு இருந்துச்சு, வெங்காயம் லேசா வதங்கற மாதிரி. இன்னிக்குச் சொத சொதன்னு இருக்கு."

எரிந்து விழத்தான் வாயெடுத்தேன். காதை வைத்துக் கேட்டேன். உண்மைதான். எண்ணெய் கூடிப்போயிருந்தது. அப்படியே அடித்திருந்தால் நீலம் வழிந்து சீருடையும் போர்வையும் ஒன்றாகிப் பதின்மூன்றும் பாழாகியிருக்கும். மையைச் சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கலந்தேன். நன்றி சொல்லவில்லை. சொல்லத் தோன்றியது, வாய் வரவில்லை. அன்று ஒரே ஒரு தாள்தான் கெட்டது.

சிலேட்டில் பன்னிரண்டு.

கறுப்பு நாள் வந்தது. கொடியின் கோடு, துணி மடிப்பின் நிழல், கிளிப்புகள், இவ்வளவுதான் பலகையில் மிச்சம். முதல் தாளை அடித்தோம். பூதக்கண்ணாடி குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். கடைசியாகக் கையெழுத்துப் போட்டார். "இதை அச்சு அசலா இன்னும் பத்து. போதும்" என்றார்.

மீதி பதினொன்று. அதில் ஒன்றில் ரோலரிலிருந்து ஒரு முடி விழுந்து, அண்ணன் சட்டை மேல் வெளிறிய கீறலாக நின்றது. கெட்ட தாளை அன்றைக்கே கிழித்துவிட வேண்டும் என்பது விதி, கிழித்தேன். அதன் பிறகு ஒவ்வொன்றும் சம்மதத் தாளின் கூடப்பிறந்த இரட்டை மாதிரியே வந்தது. ஆறு, ஏழு, எட்டு. பட்டறையில் மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தார்கள். ஒன்பது. என் கழுத்தில் வியர்வை இறங்கியது. அண்ணியின் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

பத்தாவது. மை பூசினேன், அவர் தாளை இறக்கினார், சக்கரத்தைச் சுற்றினார். தாளைத் தூக்கினார். அழகாக விழுந்திருந்தது. அப்போது வலது முனை சுருண்டு, நான் மை உருட்டும் கல்லின் பக்கமாகத் தொங்கியது. அண்ணி நின்றார். வழக்கம்போல, அது அடங்கட்டும் என்று அசையாமல் நின்றார். எனக்கு அவர் நிற்பது தெரியவில்லை, தாள் தொங்குவதுதான் தெரிந்தது. இதோ விழப்போகிறது, கல்லில் படப்போகிறது, என் பட்டம் போகப்போகிறது என்று பாய்ந்து அந்த முனையைப் பிடித்தேன்.

பிடித்தது மைக் கை.

கடைசிப் பக்கத்தின் மஞ்சள் வானத்தில், கொடிக்குக் கீழே, என் கட்டைவிரல் ரேகை ரேகையாகக் கறுப்பில் பதிந்திருந்தது. பதறாத காரியம் சிதறாது என்று பள்ளிச் சுவரில் எழுதிப்போட்டிருந்ததைத் தினமும் படித்து வளர்ந்தவள்தான் நான்.

"ஒழுங்கா புடிக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று கத்தினேன். "தெரியலைன்னா எதுக்கு இங்க வரணும்? வீட்டுல இருந்திருக்கலாமே."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பட்டறையில் எல்லோரும் பார்த்திருந்தார்கள், தாள் அண்ணியின் கையில் அசையாமல் இருந்ததையும் நான் பாய்ந்ததையும்.

அண்ணி தாளை அடுக்குச் சட்டத்தில் காயவைத்தார். சிலேட்டுக்குப் போனார். "ஒன்பது" என்று எழுதினார்.

பூதக்கண்ணாடி வந்து பார்த்தார். "தேய்ச்சா இன்னும் பரவும். இது அவ்ளோதான்" என்றார். நான் அழுதுகொண்டே சுவரில் மாட்டியிருந்த சம்மதத் தாளைக் காட்டினேன். அதுவும் பத்தோடு அடித்ததுதானே, அதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"ஓரத்துல இருக்கறது பென்சில்தான், அழிச்சுடலாம். ஆனா அது உன்னோடது இல்ல, என்னோடதும் இல்ல. யாரோடதுன்னு உனக்கே தெரியும். அவங்களைக் கேளு."

பஸ்ஸில் கேட்கவில்லை. அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து சின்னவனின் டயரியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் மேஜைக்கு மேலே அந்த ஆணி தெரிந்தது. வெறும் ஆணி. அதைப் பார்த்ததும் வாய் இன்னும் ஒட்டிக்கொண்டது. அத்தனை பேர் முன்னால் திட்டிவிட்டு, எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய்க் கேட்பது?

சாயங்காலம் அண்ணி துணி எடுக்க மாடிக்கு வந்தார். நான் அறையிலிருந்து வெளியே வந்து கூடவே நின்றேன். அவர் அப்பாவின் பனியனை எடுத்தார், சட்டைகளை எடுத்தார். போர்வையின் ஒரு முனையை நான் பிடிக்க இருவருமாக மடித்தோம். போர்வை தொங்கிய இடத்துக்கு அந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி இருந்த உள்கொடிக்குப் போய் மிச்சத்தை எடுத்து வந்தார். மடித்த துணி கையில் கோபுரமாக ஏறியது. நான் கிளிப்புகளைப் பொறுக்கிக்கொண்டே மூன்று தடவை தொண்டையைக் கனைத்தேன்.

"சளியா?" என்றார்.

"இல்ல அண்ணி. நீங்க தாளை விடல. நான்தான் பாய்ஞ்சேன்."

"தெரியும்."

"அந்தச் சம்மதத் தாள்..."

"அதைக் கேக்கவா இவ்ளோ நேரம் பூனை மாதிரி சுத்திட்டு இருந்தே? எடுத்துக்கோ. உனக்குப் பத்து வேணும்னா பத்து வேணும், அதுல என்ன யோசனை." அண்ணி துணிக் கோபுரத்தை என் கையில் வைத்தார். "ஆனா ஒண்ணு. நீ கை வெச்ச தாளைக் கிழிச்சுடாத. அதை எனக்குக் குடு."

"அது கெட்டுப்போனது அண்ணி."

"ஆணி அடிச்சாச்சு இல்ல? சும்மா விட்டா அப்பா அதுல குடையை மாட்டிடுவாரு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பதிமூன்று வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இப்படி ஒரு மனுஷியோடு தினமும் ஒரே அலமாரியில் தட்டு வைத்துவிட்டு, ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லையே என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

மறுநாள் பட்டறையில் எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு, மெஷினுக்கு முன்னால் நின்று சொன்னேன். "நேத்து தப்பு என்னோடது. அண்ணி தாளைச் சரியாதான் புடிச்சிருந்தாங்க. நான் கத்தினது அநியாயம்." சொல்லி முடித்ததும் காது சூடானது. யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். அண்ணி, "வேலை இருக்கு, நகருங்க" என்று விரட்டினார். கெட்ட தாளைக் கிழிக்காமல் கொடுக்கலாமா என்று பூதக்கண்ணாடியிடம் கேட்டேன். "பத்துல சேக்கக் கூடாது, அவ்ளோதான் விதி. வீட்டுச் சுவத்தைப் பத்தி எனக்கென்ன" என்றார்.

சம்மதத் தாளின் ஓரத்திலிருந்த பென்சில் எழுத்தை அண்ணியே அழித்தார். அழித்த இடம் எது என்று பிறகு என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. பத்துத் தாளையும் விசிறி மடிப்பாக மடித்ததும் அவரிடம் கற்றுக்கொண்டுதான். முன்னும் பின்னும் அட்டை ஒட்டி, ஒவ்வொன்றின் அடியிலும் பத்தில் எத்தனையாவது என்று பென்சிலால் எண் போட்டேன். 1/10, 2/10, கடைசியில் 10/10.

தேர்வுக் குழுவில் மூன்று பேர். பூதக்கண்ணாடி, கட்டுமான ஆசிரியை, பிறகு வெளியூர் நூலகம் ஒன்றில் அரிய புத்தகங்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் ஒருவர். பூதக்கண்ணாடி கழுத்திலிருந்ததைக் கழற்றிக் கண்ணில் வைத்து, பத்துப் பிரதிகளையும் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தார். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடினார் என்றே சொல்ல வேண்டும். பிறகு நாற்காலியில் சாய்ந்தார்.

"இரட்டைப் பிள்ளைங்க" என்றார்.

எனக்குக் கால் தரையில் இல்லை. நூலக அம்மாள் ஏழாவது பிரதியை மேஜையில் முழுக்க விரித்து, கொடியோடு கூடவே நடந்தார்.

"யாரு துணி எதுன்னு சொல்லுங்களேன், கேக்க ஆசையா இருக்கு."

சொன்னேன். ஓட்டை பனியன் அப்பா, சட்டை அண்ணன், சீருடை பெரியவள், காலுறை சின்னவன், பேண்ட் நான்.

"வீட்டுல அஞ்சு பேரா?"

"ஆறு" என்றேன்.

அவர் திரும்பவும் கொடியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பத்து மாதம் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய கொடியை அப்போதுதான் எண்ணினேன்.

"ஆறாவது ஆள் யாரு?"

"இதையெல்லாம் காயப் போடறவங்க" என்றேன். அந்த அம்மாள் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். தேர்ச்சி என்று பிற்பகலில் ஒட்டினார்கள். என் பெயருக்கு நேரே இருந்ததைப் படித்துவிட்டு, மற்றவர்கள் கட்டிப்பிடிக்க வந்ததையும் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அன்று முதலாண்டுக்கு வகுப்பு இல்லை. அண்ணி பிள்ளைகளின் மேஜையில் அட்டை வெட்டிக்கொண்டிருந்தார். மேலே ஆணியில் அந்தத் தாள் சட்டத்துக்குள் தொங்கியது.

"பாஸா?" என்றார்.

"பாஸ். அண்ணி, கொடியில உங்க துணி இல்ல."

"ஆமா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஆரஞ்சு அடிச்ச அன்னிக்கே எண்ணினேன். அஞ்சுதான் இருந்துச்சு." கத்தியை நிறுத்தாமலே சொன்னார். "என்னோடதை நான் போர்வைக்குப் பின்னாடி, உள்கொடியிலதானே போடுவேன். உன் ஜன்னல்லேர்ந்து தெரியாது."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லி? அதுக்குள்ள பலகையை வெட்டிட்டியே. வெட்டின லினோவைத் திரும்ப ஒட்ட முடியுமா? உனக்கு அழுகைதான் வந்திருக்கும், பரீட்சை நேரத்துல." அட்டையைத் திருப்பி வைத்தார். பிறகு சுவரைப் பார்த்துச் சிரித்தார். "அப்புறம் நீயேதான் ஒண்ணு மாட்டி விட்டுட்டியே. அங்க பாரு."

பார்த்தேன். கடைசிப் பக்கத்தின் வெறும் வானத்தில், கொடிக்குச் சரியாகக் கீழே, என் கட்டைவிரல் அளவில் அது தொங்கிக்கொண்டிருந்தது.

"என் கைக்குட்டை" என்றார் அண்ணி. "மத்த பத்துலயும் கிடையாது."

அண்ணியைக் கட்டிக்கொண்டேன். அவர் கையில் கத்தி இருந்ததால் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டார், தியேட்டரில் நிற்கிற மாதிரி. "கத்தி, கத்தி" என்றார். எனக்கு இவர்தான் வேண்டும், எந்தச் சீட்டுக் குலுக்கினாலும் இவர்தான் வர வேண்டும் என்று அவர் தோளிலேயே சொன்னேன். கேட்டதா இல்லையா தெரியவில்லை.

பிறகு சட்டத்தைக் கழற்றித் தாளை எடுத்தேன். பெரியவளின் பென்சில் பெட்டியிலிருந்து கூரான பென்சில் ஒன்றை எடுத்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் 1/1 என்று எழுதினேன். அண்ணி குனிந்து பார்த்தார்.

"எண்ணிக்கை சரியா இருக்கு" என்றார்.